பொதியின் மேல் எழுதும் பெயர்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்துக்குச் செல்லும் அடியார் பலர் அங்குள்ள பழைய கல்வெட்டைக் கண்டிருப்பர். நின்று வாசித்தவர் சிலரே ஆவர். 1153ஆம் ஆண்டு முதல் 1186ஆம் ஆண்டு வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள வேந்தன் தமிழிலே பொறித்து வைத்த ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும் என்றும், அவர்களுக்குத் தீங்கு நேராமற் காத்தல் வேண்டும் என்றும் அவ்வாணை கூறுகின்றது. அதனை அடுத்து வரும் பகுதியே இவ்வாரம் நமக்கு வேண்டியது. யானையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் உடைந்து போனால், நாலில் ஒரு பங்கு அரசின் பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வேறு வாணிபச் சரக்கு ஏற்றி வந்த கலம் உடைந்தாலோ, சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் சேரும்.

இவ்வேறுபாடு ஏன் என மாணவர்கள் வினவலாம். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையுள் இரண்டு உறுப்புக்கள் அன்று கப்பலேறி வந்தன. அவற்றைக் கொண்டு வருவோருக்குச் சலுகை காட்டுவது அரசனுக்குத் தேவையாயிருந்தது. ஆகவே சீனத்துப் பட்டுக்கும் பாண்டத்துக்கும் ஒரு விதியும், போருக்கு உதவுவனவற்றுக்கு வேறொரு விதியும் பிறந்தன. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற் சென்ற பின்னும் இவ்வழக்கம் ஒழியவில்லை. அன்று போர்ப்பொருளை வரவேற்ற சட்டம், இன்று அதனை வாயிலிலே நிறுத்தி விசாரிக்கின்றது என்பதே வேற்றுமை.

இச்செய்தியை நாம் இங்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன், பிறநாட்டுப் பொருளை விரும்பியவர் புறக்கோட்டைப் பிரதான வீதிக்குச் சென்று கடை கடையாக ஏறி இறங்கினார். அப்பொருளைத் தருவித்த வியாபாரியே சுங்கத்தின் முன் நின்று கணக்குக் காட்டினார். வாங்கியவருக்கு அக்கவலை இருக்கவில்லை. இன்றோ வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பொன்றில் அமர்ந்தபடியே, பதினேழு வயதுப் பிள்ளை கைத்தொலைபேசியில் ஹொங்கொங் கடையின் அலமாரிகளைத் துழாவுகின்றான். தந்தையாரின் வங்கி அட்டையிலுள்ள இலக்கத்தைப் பதிந்தவுடன் கொள்முதல் நிறைவுறுகின்றது. அந்தக் கணத்திலேயே அவனும் ஓர் இறக்குமதியாளன் ஆகிவிட்டான் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

சென்ற தவணையில், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து நம்மிடம் உயர்தரம் பயிலும் மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றான்.

“சேர், எயார்சொஃப்ட் சாமான் கொஞ்சம் வெளியில் இருந்து எடுப்பிக்கலாம் என்று பார்க்கிறேன். முழுத் துவக்கை எடுத்தால்தானே கரைச்சல்? பாகம் பாகமாக எடுத்து நானே பூட்டுவேன். விளையாட்டுச் சாமான் என்றுதான் கடைக்காரன் எழுதி அனுப்புகிறான். சுங்கத்தில் ஏன் பிடிக்கப் போகிறார்கள்?”

“தம்பி, கடைக்காரன் எழுதுவது அவனுடைய நாட்டில் இருந்துகொண்டு. பொதியைத் திறப்பது எங்களுடைய நாட்டில்” என்றோம்.

கெட்டிக்காரப் பிள்ளை, தீய எண்ணம் எள்ளளவும் இல்லாதவன். பற்சில்லும் மோட்டரும் ஒன்றோடொன்று எவ்வாறு இயைகின்றன என்று அறியும் ஆவலே அவனை உந்தியது. ஆயினும் அவனுடைய கேள்விக்குள் மூன்று எண்ணங்கள் மறைந்திருந்தன. விளையாட்டுக்கென்று செய்யப்பட்டது எந்நாட்டிலும் விளையாட்டுப் பொருளே என்பது ஒன்று. பாகத்துக்கு முழுப்பொருளின் சட்டம் பொருந்தாது என்பது மற்றொன்று. பொதியின் மேல் எழுதியிருப்பதே பொருளின் பெயர் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் இவனைப் போன்ற பிள்ளைகள் பலர் நம்பியிருத்தல் கூடும் என்பதால் இங்கு ஆராய்கின்றோம்.

முதலில் அப்பொருள் யாது என்று காண்போம். எயார்சொஃப்ட் எனப்படுவது மெய்யான துப்பாக்கியின் வடிவையும் பருமனையும் பெரும்பாலும் ஒத்தது. அது உமிழ்வது ஈயக் குண்டன்று. 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு பிளாஸ்ரிக் உருண்டை. விற்சுருளாலோ, அடைத்த வாயுவாலோ, மின்கலத்தாலோ அது இயங்கும். பிறந்த இடம் யப்பான். அந்நாட்டில் 1958ஆம் ஆண்டின் சட்டம் பொதுமக்கள் துப்பாக்கியும் வாளும் வைத்திருத்தலை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மெய்த்துப்பாக்கியைத் தொட வழியில்லாதோரின் ஆசையைத் தணிக்க, 1970களிலும் 1980களிலும் இம்மாதிரிகள் வளர்ச்சியுற்றன. தோக்கியோ மருயி என்னும் நிறுவனம், பிரெஞ்சுப் படையின் ஃபமாஸ் துப்பாக்கியின் வடிவில், மின்கலத்தால் தொடர்ந்து இயங்கும் மாதிரியை 1991இல் வெளியிட்டபின் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. கண்ணுக்குக் காப்பணிந்து, இரு அணியாகப் பிரிந்து, காட்டிலோ கைவிட்ட கட்டடத்திலோ ஆடுவர். உருண்டை பட்டவர் தாமாகவே கையுயர்த்தி ஆட்டத்தை விட்டு விலகுதல் வேண்டும். நேர்மையை நம்பி ஆடப்படும் விளையாட்டு என்று அதனை விரும்புவோர் பெருமை கொள்வர். அதில் உண்மையும் உண்டு.

ஆனால் நாடுகள் இதனை நோக்கும் விதம் ஒன்றாயில்லை. யேர்மனியில் 0.5 யூலுக்கு மேற்படாத சக்தியுடையதே விளையாட்டுப் பொருளாக எண்ணப்படும். பிறந்த நாடாகிய யப்பானே 2006இல் தன் சட்டத்தைத் திருத்தி, ஏறத்தாழ 0.98 யூல் என எல்லை வகுத்தது. ஹொங்கொங்கில் எல்லை 2 யூல். பிரித்தானியாவில் 2017ஆம் ஆண்டின் சட்டப்படி, தொடர்ந்து சுடுவதற்கு 1.3 யூலும் ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 யூலும் எல்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1988இல் இயற்றப்பட்ட சட்டம் விளையாட்டுத் துப்பாக்கியின் நுனி செம்மஞ்சள் நிறமாயிருத்தல் வேண்டும் என்றது. சிங்கப்பூரிலோ உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். கனடாவின் விதி நம்மை வியக்க வைக்கும். மெய்த்துப்பாக்கியைத் துல்லியமாக ஒத்திருந்து, செக்கனுக்கு 366 அடிக்குக் குறைந்த வேகத்தில் சுடும் மாதிரி, அங்கே ‘போலித் துப்பாக்கி’ எனக் கருதப்பட்டு எல்லையிலே தடுக்கப்படும். வலிமை குறைந்தது என்பதே அதற்குக் குற்றமாகி விடுகின்றது! ஆகவே, “ரொரன்ரோவில் இருக்கிற மாமா வாங்கி அனுப்புவார், அங்கே எல்லாரும் வைத்திருக்கிறார்கள்” என்னும் பேச்சு நமக்குச் சான்றாகாது. மாமாவுக்கு அந்நாட்டுச் சட்டம். மருமகனுக்கு இந்நாட்டுச் சட்டம்.

இனி, பாகம் பற்றிய எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். பெளதிகம் பயிலும் மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். இயங்கும் பொருளின் சக்தி, அதன் திணிவை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி அரைவாசியாக்கக் கிடைப்பது. 0.2 கிராம் உருண்டை செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்திற் செல்லட்டும். திணிவு 0.0002 கிலோகிராம், வேகத்தின் வர்க்கம் 10,000, பெருக்கிப் பாதியாக்கின் சரியாக 1 யூல். இப்பொழுது உள்ளிருக்கும் விற்சுருளை மட்டும் மாற்றி, வேகத்தை 120 மீற்றருக்கு உயர்த்துவோம். வர்க்கம் 14,400, சக்தி 1.44 யூல். வேகம் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. சக்தியோ ஏறக்குறைய அரைப்பங்கு ஏறிவிட்டது. யப்பானின் எல்லையையும், தொடர்ந்து சுடுவதற்குப் பிரித்தானியா வகுத்த எல்லையையும் அது கடந்து நிற்கின்றது. ஹொங்கொங்கின் எல்லைக்குள்ளேயோ அடங்குகின்றது. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு விற்சுருள், ஓர் ஊரில் முறையான சரக்காகவும் வேறோர் ஊரிற் குற்றமாகவும் மாறுவது இவ்வாறே. பாகத்தைச் சட்டம் தனியே நோக்குவதன் காரணமும் இதுவே.

உலக நாடுகளின் சுங்கங்கள் பொருள்களை வகைப்படுத்தப் பொதுவான பட்டியல் ஒன்றைக் கைக்கொள்கின்றன. பிரசெல்சில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பு ஆக்கிய அப்பட்டியல் 1988 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அரிசிக்கு ஓர் இலக்கம், அச்சுப் புத்தகத்துக்கு ஓர் இலக்கம் என உலகிலுள்ள பொருள்கள் யாவும் அதில் அடக்கம். விளையாட்டுப் பொருள்களுக்குரிய தலைப்பு 9503. விற்சுருளாலும் காற்றாலும் வாயுவாலும் இயங்கும் துப்பாக்கிகள் 9304. ஆயுதங்களின் பாகங்களுக்கும் துணைப்பொருள்களுக்கும் என்றே 9305 என்னும் தலைப்புத் தனியாக உள்ளது. எனவே, பாகம் பாகமாக வந்தால் அதிகாரியின் கண்ணுக்குத் தப்பும் என்பது வீண் எண்ணம். அவருடைய பட்டியலிலே பாகத்துக்கும் ஓர் இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றது. எத்தலைப்பின் கீழ் ஒரு பொருள் வரும் என்பதைத் தீர்மானிப்பது பொருளின் தன்மையே. விற்பவன் இட்ட பெயர் அன்று.

நம் நாட்டில் இவ்வகைப் பொதியொன்றை மூன்று சட்டங்கள் எதிர்கொள்கின்றன. முதலாவது, 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச்சட்டம். தடைசெய்யப்பட்டனவும் கட்டுப்படுத்தப்பட்டனவும் அதன் அட்டவணையொன்றில் இடம்பெறும். அவ்விதிக்கு மாறாக வரும் பொருள் அரசுடைமையாகும். தருவித்தவர் மீது பொருளின் பெறுமதியைப் போல் மும்மடங்கு வரை தண்டமும் விதிக்கப்படலாம். இரண்டாவது, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம். துப்பாக்கி வகைகளை வைத்திருக்கவும் கொண்டு வரவும் உரிமம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. உரிமம் வழங்கும் பொறுப்புப் பாதுகாப்பு அமைச்சினுடையது. மூன்றாவது, 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். இதன் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டிய பொருளுக்கு, அது கப்பலேறும் முன்பே பத்திரம் பெறுதல் வேண்டும். பொதி வந்திறங்கிய பின் விண்ணப்பம் எழுதுவது பயன் தராது.

இப்பட்டியல்கள் காலத்துக்குக் காலம் மாறுவன என்பதையும் நினைவிற் கொள்க. 2020இல் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு எத்தனையோ சாதாரணப் பொருள்களுக்கு வாயில் அடைக்கப்பட்டதையும், பின்னர் அது படிப்படியாகத் திறந்ததையும், தனியார் வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியதையும் நாம் அறிவோம். “போன வருஷம் என் சிநேகிதன் எடுத்தான், ஒன்றும் நடக்கவில்லை” என்பது ஆகவே போதிய மறுமொழி ஆகாது. சிநேகிதனுடைய பொதி திறக்கப்படாமற் போயிருக்கலாம். விதியும் இடையே மாறியிருக்கலாம்.

மூன்றாவதாகிய பெயர் பற்றிய எண்ணமே மிகுந்த தீங்கு விளைப்பது. பழந்தமிழ் நாட்டின் சுங்கத்தைக் காணவேண்டின் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையைப் படித்தல் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மலைபோற் குவிந்த பண்டங்களின் மேல் சோழனின் புலி இலச்சினையைப் பொறித்து, ஓய்வின்றி உழைத்த சுங்கப் பணியாளரை அப்புலவர் போற்றுகின்றார். அங்கே பொதியின் மேல் அடையாளம் இட்டது அரசு. இன்றோ அனுப்புகின்றவனே அடையாளம் இடுகின்றான். 1874இல் தோன்றிய சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி, சிறு பொதிக்குச் சீ.என். 22 என்றும் பெரியதற்குச் சீ.என். 23 என்றும் பெயர்பெற்ற சீட்டுக்களில் உள்ளிருக்கும் பொருள், எடை, பெறுமதி ஆகியவற்றை அனுப்புபவர் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும்.

அயல்நாட்டுக் கடைகள் சில வாடிக்கையாளருக்கு உதவுவதாக எண்ணி, நூறு டொலர்ப் பொருளைப் பத்து டொலர் என்றும், ஆயுத மாதிரியின் பாகத்தை ‘பொம்மை’ என்றும், விற்றதை ‘அன்பளிப்பு’ என்றும் எழுதுகின்றன. இன்னும் சில, எவ்வாறு எழுதட்டும் என்று வாங்குபவரையே வினவுகின்றன. இவ்வினாவுக்கு ஒரு மாணவன் தரும் விடையில் அவன் பயின்ற கல்வியின் பயன் தெரிந்துவிடும். பொய்யை எழுதியவன் ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருக்கின்றான். பொதி பிடிபட்டால் விலாசம் யாருடையதோ அவரே விசாரணைக்கு நிற்பவர். உண்மை எழுதப்பட்ட பொதி தடுக்கப்பட்டால் அது விதி அறியாமை. பொய் எழுதப்பட்ட பொதி தடுக்கப்பட்டால் அது மறைப்பு. இரண்டையும் அதிகாரி ஒன்றாக எண்ணுவார் என எதிர்பார்த்தல் தகாது. பத்து டொலர் என எழுதிய பொதி வழியில் தொலைந்தாலோ, இழப்பீடும் பத்து டொலருக்கு மேற் கிடையாது.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் பட்டப்பெயர் நிலைத்தது. அப்பெயரை உலகம் இன்றும் நினைந்திருப்பது, சுங்கத்தைத் தவிர்த்த அரசர் எத்துணை அரியர் என்பதைக் காட்டும். நம் காலத்தில் அத்தகையோரைத் தேடுவது வீண். பொருளின் விலையோடு காப்புறுதியும் ஏற்றுகூலியும் சேர்ந்த தொகையே நம் நாட்டில் வரிக்கு அடிப்படை. 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 5,000 ரூபாய் ஏற்றுகூலி கொடுத்தால் கணக்கு 15,000இலிருந்து தொடங்கும். சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, சில பொருள்களுக்குச் செஸ் வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி ஆகியவை அவ்வவற்றுக்கேற்பச் சேரும். 2024 தொடக்கத்தில் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி, முன்னைய வரிகள் சிலவும் கூடிய தொகையின் மேல் விதிக்கப்படுவது. பொருளின் விலையை மட்டும் பார்த்து மலிவு என மகிழ்ந்தவர், பொதியைப் பெறும் நாளில் திகைப்பது இதனாலேயாம். ஆகவே வாங்கும் முன்பே வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

வானூர்தியின் விதிகளும் உண்டு. இம்மாதிரிகளை இயக்கும் இலிதியம் மின்கலங்கள் தீப்பற்றும் இயல்புடையன. தனியே அனுப்பப்படும் இலிதியம்-அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானத்திற் சரக்காக ஏற்றலாகாது என்னும் சர்வதேசத் தடை 2016 ஏப்பிரல் 1ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ளது. அடைத்த வாயுக் குப்பிகளும் தபாலுக்கு உதவாதன. கடையின் பெட்டியில் ஒரு மின்கலம் இலவசமாகச் சேர்க்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று. முழுப்பொதியும் நின்றுபோவதற்கு அதுவே காரணமாகலாம்.

இதுவரை சொன்னவை எந்த ஊர் மாணவனுக்கும் பொருந்துவன. இனிச் சொல்வது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கென்றே சொல்வது.

ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டு நிகழ்ந்த யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. இன்று உயர்தரம் எழுதும் பிள்ளைகள் அதன் பின்னர் நினைவறிந்தவர்கள். காலி வீதியில் சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையை நீட்டி நின்ற மாலைப்பொழுதுகளை அவர்கள் அறியார். அவர்களுடைய தாய்மார் அறிவர். 2007 யூன் 7ஆம் நாள் வைகறையில், வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து ஆணையிட்டது. அவ்விரு நாள்களையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லிக்கொடுத்தல் வேண்டும். சந்தேகம் ஒரு மனிதனை எவ்வளவு எளிதிற் பற்றும் என்பதை முதல்நாள் காட்டும்; சட்டம் துணைநிற்கும் நாளும் உண்டு என்பதை மறுநாள் காட்டும். எளியோர் இறுதியில் பற்றி நிற்கக்கூடிய தூண் சட்டமே. அத்தூணை ஒரு விற்சுருளுக்காக நாமே அசைத்தல் நன்றன்று.

2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. வழிபாட்டுக்குச் சென்றோர் திரும்பவில்லை. அவ்வீதிகளில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது செய்தித்தாளில் வாசித்த நிகழ்ச்சியன்று. அத்தகைய தெருவிலே மெய்த்துப்பாக்கியை அச்சொட்டாக ஒத்த ஒன்றைத் தோளிற் சுமந்து ஒரு பிள்ளை நடப்பானாயின், அது பிளாஸ்ரிக் உருண்டை உமிழ்வது என்பதை முன்வீட்டுக் கிழவி எவ்வாறு அறிவாள்? சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் எவ்வாறு அறிவார்? ஒன்றை அறிவதற்கு அவருக்குக் கிடைப்பது சில செக்கன்களே. யப்பானியப் பிள்ளைக்கு அது விளையாட்டு. அவனது தெருவுக்கு வேறு நினைவுகள். நம் தெருவுக்கு நம் நினைவுகள். சட்டம் அனுமதிக்கின்றதா என்பது முதற் கேள்வி. அனுமதித்தாலும் அயலார் அஞ்சுவரா என்பது இரண்டாவது கேள்வி. கல்வி கற்றவன் இரண்டையும் கேட்டல் வேண்டும்.

அவ்வாறாயின் பிறநாட்டிலிருந்து ஒன்றையும் தருவிக்கலாகாதா எனின், அது நம் கருத்தன்று. புத்தகமும் கருவியும் எங்கிருந்து வந்தாலும் நன்மையே. வழியறிந்து தருவித்தல் வேண்டும் என்பதே நாம் சொல்வது. பணம் செலுத்தும் முன், பொருளின் படத்தையும் விவரத்தையும் இணைத்துச் சுங்கத் திணைக்களத்துக்கும், ஐயம் இருப்பின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கும் எழுத்து மூலம் வினவுக; விடையையும் எழுத்திலே பெறுக. ஆயுத வடிவுடையதாயின் பாதுகாப்பு அமைச்சின் மறுமொழியின்றி ஓரடியும் வைக்கவேண்டாம். வானொலி அலையால் இயங்கும் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டியிருக்கும். பறக்கும் கமராவுக்கு விதிகள் இன்னும் அதிகம். உள்ளது உள்ளபடி எழுதி அனுப்புமாறு கடைக்காரனைக் கேட்டு, பணம் செலுத்திய சான்றைப் பேணி வைக்குக.

பொதி தடுத்து வைக்கப்பட்டதாக அறிவித்தல் வந்தால், பதினேழு வயதுப் பிள்ளை தனியே செல்ல வேண்டாம், பெற்றோருடன் செல்க. காரணத்தைப் பணிவோடு கேட்டு, அதனையும் எழுத்திற் பெறுக. பற்றுச்சீட்டு இன்றி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். “ஏதாவது கொடுத்து எடுக்கலாம்” என்று வாயிலில் நின்று காதோடு சொல்பவர் இருப்பின் அவரை விட்டு விலகுக. இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். பொருளை இழக்க நேர்ந்தால் இழந்துவிடலாம். அதன் விலையைப் பின்னர் உழைத்துப் பெறலாம்.

பற்சில்லின் மேல் ஆசை கொண்ட பிள்ளைகளுக்கு வேறு வழிகள் நிறைய உண்டு. அதே மோட்டரும் அதே பற்சில்லும் ஒரு சிறு இயந்திரக் கையை அசைக்கும். நீர் இறைக்கும் மாதிரியை இயக்கும். பல பாகங்களைப் புறக்கோட்டைக் கடைகளிலேயே தேடிப் பெறலாம். குறிபார்த்துச் சுடும் கலையிலேதான் நாட்டம் எனின், சட்டப்படி இயங்கும் சங்கங்களும், பயிற்றுவோரும், உரிமம் பெற்ற களங்களும் உண்டு. 2021இல் நிகழ்ந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நம் நாட்டின் சார்பாக நின்றவர் தெஹானி எகொடவெல என்னும் பெண்மணி. திறந்த வாயிலால் சென்றவருக்கே அத்தகைய மேடை கிட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். வங்கி அட்டையைப் பிள்ளையிடம் கொடுக்கும் வேளையில், “என்ன வாங்குகிறாய்?” என்பதோடு “பொதியின் மேல் என்ன எழுதச் சொன்னாய்?” என்றும் கேளுங்கள். நயினாதீவுக் கல்லிலே விதியைப் பொறித்த மன்னன், வருவோர் எல்லாரும் முன்னறிந்து வரவேண்டும் என்றே பொறித்தான். அறிந்து வருபவனுக்கு அது காவல். பொதி வந்த பின் அறிய முயல்வதிலும், அனுப்பும் முன் ஒரு கடிதம் எழுதிக் கேட்பது எளிது. அதற்கு ஆகும் செலவு ஒரு முத்திரை மட்டுமே.